மழை மிகுந்த ஊரில் ஓடை வற்றுவது ஏன்? – கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட மக்கள் நீரைப் பற்றி எழுப்பிய கேள்விகளுக்கு, தமிழ்ப்பள்ளியில் நெடுங்காலம் அறிவியல் கற்பித்த ஆசிரியர் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி (ஐந்தாம் ஆண்டு மாணவி): ஐயா, ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் காலையில் வெயில் கொளுத்தினாலும் மாலையில் இடியுடன் மழை கொட்டுகிறதே, ஏன்?

பதில்: அந்தக் காலை வெயில்தான் காரணம், அம்மா. வெயிலில் கடல்நீர் ஆவியாகிறது. மரங்களும் வேரால் உறிஞ்சிய நீரை இலைத்துளைகள் வழியே ஆவியாக வெளிவிடுகின்றன. சூடேறிய ஈரக்காற்று மேலே செல்லச் செல்லக் குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத தூசு, உப்புத் துகள்களின்மீது நுண்துளிகளாகப் படிகிறது. அதுவே மேகம். இம்மாதங்களில் பருவக்காற்று வலுவிழந்திருப்பதால், தரையின் வெப்பமே மேகங்களை உயர எழுப்புகிறது. கிழக்கே நிற்கும் தித்திவங்சா மலைத்தொடரும் காற்றை மேல்நோக்கித் தள்ளுகிறது. நீராவி சராசரியாக ஒன்பது, பத்து நாள்கள்தாம் காற்றில் தங்குகிறது என்பதால், இன்று உன் வீட்டுக் கூரையில் விழும் துளி சென்ற வாரம் இந்தியப் பெருங்கடலில் இருந்திருக்கக்கூடும்.

கேள்வி (மளிகைக் கடைக்காரர்): நீர் அழியாமல் சுற்றி வருகிறது என்றால் பற்றாக்குறை எப்படி வருகிறது?

பதில்: உலக நீரில் ஏறத்தாழ 97 விழுக்காடு கடல்நீர். எஞ்சிய நன்னீரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பனிக்கட்டியாக உறைந்துள்ளது. மற்றதில் பெரும்பகுதி நிலத்தடியில் உள்ளது. ஆறுகளிலும் ஏரிகளிலும் இருப்பது நன்னீரில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் நம் தீபகற்பத்திலேயே, தலைநகர் கோலாலம்பூரைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் 1998ஆம் ஆண்டிலும் 2014ஆம் ஆண்டிலும் பங்கீட்டு முறையில் தண்ணீர் பெற நேர்ந்தது. மொத்த மழை எவ்வளவு என்பதைவிட, அது எப்போது பெய்கிறது, பெய்தது எங்கே தங்குகிறது என்பதையே நாம் கவனிக்க வேண்டும்.

கேள்வி (செம்பனை எனும் எண்ணெய்ப்பனைத் தோட்டத் தொழிலாளர்): எங்கள் தோட்டத்தில் பழைய மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்தபின், மழை பெய்தவுடன் ஓடை கலங்கிப் பெருகுகிறது, பிப்ரவரியில் அதே ஓடை வற்றிவிடுகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. நான் மிகவும் வலியுறுத்த விரும்புவதும் இதைத்தான். ஒரு ஹெக்டர் நிலத்தில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் இரண்டரை லட்சம் லிட்டர் நீர் இறங்குகிறது. காட்டில் அந்த நீரை இலைகள் தாங்கி மெதுவாகச் சொட்டவிடுகின்றன, சருகு உறிஞ்சிக்கொள்கிறது, வேர்களும் புழுக்களும் துளைத்த வழிகளில் அது மண்ணுக்குள் இறங்கி, வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில், ஊர்ந்து சென்று ஓடையை அடைகிறது. மழையற்ற நாளிலும் ஓடையில் நீர் ஓடுவது இதனால்தான். வெறும் மண்ணிலோ, துளிகள் அறைந்த வேகத்தில் மேற்பரப்பு இறுகி மூடிக்கொள்கிறது. டிராக்டர் ஏறிய தடங்கள் இன்னும் கெட்டிப்படுகின்றன. உள்ளே புக முடியாத நீர் மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடுவதால் ஓடை தேநீர் நிறத்தில் பெருகுகிறது. அன்று உள்ளே இறங்காத நீர், மழை குறையும் ஜனவரி, பிப்ரவரியில் எங்கிருந்து வரும்?

மறுநடவு செய்த உடனே அவரையினக் கொடிகளை மூடுபயிராகப் படரவிடுவதும், வெட்டிய மட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே அடுக்குவதும், சரிவில் படிக்கட்டு வரப்புகள் அமைப்பதும், வண்டல் தங்கும் குழிகளை வெட்டுவதும் பலன் தரும். இவற்றினும் முக்கியமானது, ஓடைக்கரையோரத்து இயற்கைச் செடிகொடிகளை அழிக்காமல் விடுவது. அந்தப் பட்டை நிலத்தில் கூடுதலாகச் சில வரிசை நட்டுப் பெறும் ஆதாயம், இழக்கும் மண்ணுக்கும் நீருக்கும் ஈடாகாது என்பதே என் கருத்து.

கேள்வி (பால்மரம் எனும் ரப்பர் மரம் வெட்டும் பெண்மணி): விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக வருகிறது. இதற்கும் நீருக்கும் தொடர்பு உண்டா?

பதில்: நிச்சயமாக உண்டு, அம்மா. இரவில் இலைத்துளைகள் பெரும்பாலும் மூடியிருக்க, வேர் நீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏறியதும் இலைகள் நீரை வெளிவிடத் தொடங்குவதால் அழுத்தம் குறைந்து பால் ஓட்டமும் தளர்கிறது.

கேள்வி (இல்லத்தரசி): குழாயில் தண்ணீர் நிற்கும் நாள்களில் தகரக் கூரை மழைநீரைக் குடிக்கலாமா?

பதில்: துவைக்கவும், கழிவறைக்கும், செடிகளுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். 60 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,500 லிட்டர் வரை கிடைக்கும். முதலில் வரும் நீர் தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வருவதால் அதை வெளியே விட்டுவிடுங்கள். குடிக்க வேறு வழியே இல்லையெனில், தெளிந்த நீரை வடிகட்டி, நன்கு கொதிக்கவைத்த பிறகே குடியுங்கள். தொட்டியையோ தோம்பையோ இறுக மூடி வையுங்கள்; டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடத் தேடுவது இத்தகைய தேங்கிய நீரைத்தான்.