98,000 வெள்ளியில் வண்டி எவ்வளவு, காகிதம் எவ்வளவு?

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு 49 வயது. ஈசூனில் ஐந்தறை வீடு. கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளர் வேலை, மனைவியும் வேலை செய்கிறார். மாதச் செலவு 5,500 வெள்ளி. மசேநிதி (மத்திய சேமநிதி, ஓய்வுக்காலச் சேமிப்பு) நீங்கலாகக் கையிருப்பு 140,000 வெள்ளி. என் அப்பா ஜோகூரில் ரப்பர் தோட்டத்துத் துரைக்கு லேண்ட் ரோவர் ஓட்டியவர். அந்த ஆசை என்னை விடவில்லை. அதே லேண்ட் ரோவர் நிறுவனத்தின், 2013ஆம் ஆண்டு பதிவான ரேஞ்ச் ரோவர் ஒன்று பார்த்திருக்கிறேன். 5 லிட்டர் வி8, சூப்பர்சார்ஜர் உள்ளது. சிஓஇயை (சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்க வேண்டிய, காலக்கெடு உள்ள உரிமைச் சான்றிதழ்) 10 ஆண்டுக்குப் புதுப்பித்து, இன்னும் 7 ஆண்டு மீதம். வியாபாரி 98,000 வெள்ளி சொல்கிறார். ரொக்கமாகவே வாங்கிவிடலாமா? மனைவிதான் உங்களிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யச் சொன்னார்.

பதில்: மனைவிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நீங்கள் அனுப்பிய பதிவு விவரத்தில், சிஓஇயைப் புதுப்பிக்கப் பழைய உரிமையாளர் கட்டியது 115,000 வெள்ளி என்று இருக்கிறது. 120 மாதத்துக்கு அந்தத் தொகை. மீதமுள்ள 84 மாதத்தின் பங்கு 80,500 வெள்ளி. அப்படியானால் வியாபாரி வண்டிக்கென்று கேட்பது வெறும் 17,500 வெள்ளி. மற்றதெல்லாம் காகிதம். சிஓஇயில் பெரிய கார்களுக்கான பி பிரிவில் 2,000 சிசி ஜப்பானிய செடானைப் புதுப்பித்தாலும் அதே கட்டணம், உங்கள் ரேஞ்ச் ரோவரைப் புதுப்பித்தாலும் அதே கட்டணம். அதனால்தான் பத்து வயது தாண்டிய கார்களின் விலைப் பட்டியலில் ராஜாவும் கூஜாவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். "இன்னும் கொஞ்சம் போட்டால் ரேஞ்ச் ரோவரே வந்துவிடுமே" என்று மனசு சொல்வது இங்கேதான். வண்டியின் விலை இறங்கிவிட்டது, சரி. அதன் உதிரிபாகங்களின் விலை இறங்கவில்லை. தோல் இருக்கையும் வி8 சத்தமும் 17,500 வெள்ளிக்குக் கிடைக்கும். அதை ஓட வைக்கும் செலவு மட்டும் புது வண்டி வாங்கக்கூடியவரின் பர்சை நினைத்துப் போட்ட விலையிலேயே இருக்கும்.

இந்தக் காகிதத்தில் ஒரு நல்லதும் உண்டு. நாளைக்கே வண்டி படுத்துவிட்டாலும், பதிவை ரத்து செய்தால் மீதமுள்ள மாதத்துக்கான சிஓஇ பணம், மாதத்துக்கு ஏறக்குறைய 958 வெள்ளி வீதம், திரும்பி வரும். ஆனால் சிஓஇயைப் புதுப்பித்த காருக்கு பார்ஃப் தள்ளுபடி (பத்து வயதுக்குள் பதிவை ரத்து செய்தால் திரும்பக் கிடைக்கும் பதிவுக் கட்டணப் பங்கு) கிடையாது. அது புதுப்பித்த அன்றே போய்விட்டது. ஆகவே போட்ட பணம் மொத்தமும் மூழ்கிவிடும் என்று நான் பயமுறுத்த மாட்டேன். மாதாமாதம் கசிவதுதான் என் கவலை.

ஆண்டுக் கணக்கைப் போடுவோம். 98,000ஐ ஏழால் வகுத்தால் 14,000. சாலை வரி 5,000 சிசிக்கு அடிப்படையில் 5,500 வெள்ளி சுமார். பத்து வயது தாண்டினால் அதன்மேல் ஆண்டுக்கு 10 விழுக்காடு ஏறும். 13 வயது தாண்டிய உங்கள் வண்டிக்கு இப்போது 40 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 7,700 வெள்ளி. அடுத்த ஆண்டு 50 விழுக்காட்டைத் தொட்டு 8,270 ஆகி, அங்கே நின்றுவிடும். பெட்ரோல்: ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர், நம் ஊர்ப் போக்குவரத்தில் 100 கிலோமீட்டருக்கு 17 லிட்டர், லிட்டர் 3 வெள்ளி என்று வைத்தால் 7,650. பழுதுக்கு 6,000 ஒதுக்குங்கள், அது என் அனுபவக் கணக்கு. மொத்தம் 35,000 வெள்ளிக்கு மேல், மாதம் 3,000க்குக் கொஞ்சம் குறைவு. காப்புறுதி, கார் நிறுத்தக் கட்டணம், ஈஆர்பி என்ற மின்னியல் சாலைக் கட்டணம் இதில் சேரவில்லை. காப்புறுதி விலையை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். இந்த வயது வண்டிக்கு முழுக் காப்புறுதி தரச் சில நிறுவனங்கள் தயங்கும்.

அந்த 6,000 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். என் மச்சானிடம் ஒரு பழைய ஐரோப்பிய சொகுசு நான்கு சக்கர இயக்க வண்டி இருந்தது. காற்றுப் பை சஸ்பென்ஷன், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பை வண்டியைத் தாங்கும். காலையில் போய்ப் பார்த்தால் முன்பக்க இடது மூலை மட்டும் மண்டியிட்ட யானை மாதிரி இறங்கியிருக்கும். ஸ்டார்ட் செய்ததும் கம்ப்ரசர் 'கிர்ர்' என்று ஓடி, மெல்லத் தூக்கி நிறுத்தும். அவனுக்கு அது பெருமை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுவான். எட்டு மாதம் காட்டினான். கசிகிற பைக்கு விடாமல் காற்று அடித்து அடித்துக் கம்ப்ரசர் ஒருநாள் கருகியது. ஆயிரம் வெள்ளிச் சொச்சத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை, இழுவை வண்டிக் கூலியோடு நாலாயிரத்தைத் தாண்டியது.

உங்கள் ரேஞ்ச் ரோவரிலும் அதே காற்றுப் பைதான். ரப்பர்தானே, வயதானால் வெடிப்பு விடும். இந்த 5 லிட்டர் எஞ்சினில் குளிர்நீர் போகும் பிளாஸ்டிக் குழாய்களும் அப்படித்தான். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஒருநாள் விரியும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் எஞ்சினுக்கே வினை. டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் பாகம் தேய்வதும் பலருக்குத் தெரிந்த குறை. மின்னணுவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பேட்டரி கொஞ்சம் பலவீனமானால் டாஷ்போர்டு தீபாவளிக்கு சிராங்கூன் சாலை மாதிரி எரியும்.

உங்கள் அப்பா ஓட்டிய லேண்ட் ரோவர் 1948இல் தொடங்கிய வம்சம். பட்டை ஸ்பிரிங், அலுமினியக் கலவைத் தகடு, நாலு ஸ்பேனர் இருந்தால் தோட்டத்திலேயே கழற்றி மாட்டலாம். நீங்கள் பார்த்திருக்கும் வண்டிக்குப் பெயர்தான் சொந்தம். அதைத் திறக்கவே கணினி வேண்டும். பழைய கரடுமுரடு குணம் வேண்டுமென்றால் டொயோட்டா லேண்ட் குரூசர், பிராடோ பக்கம் பாருங்கள். ஏணி வடிவ இரும்புச் சட்டகத்தின் மேல் கட்டிய வண்டிகள், இயந்திரம் நிதானமானது. அவற்றின் விலை சுலபத்தில் இறங்காததற்கும் அதுவே காரணம். ஆனால் நீங்கள் அதற்கு மயங்க மாட்டீர்கள், தெரியும்.

சரி, உங்கள் கையிருப்புக்கு வருவோம். 98,000 போனால் மிச்சம் 42,000. ஆறு மாதச் செலவுக்கு 33,000 தொடாமல் இருக்க வேண்டும். இப்படி ஒரு வண்டிக்குத் தனிக் கணக்கில் 15,000 வேண்டும். இரண்டும் சேர்ந்து 48,000. ஏற்கெனவே 6,000 துண்டு விழுகிறது, சாலை வரியும் காப்புறுதியும் கட்டுவதற்கு முன்பே. இந்த வண்டியை ரொக்கத்துக்கு வாங்க வேண்டாம் என்பது என் பதில்.

ஆசையை விடச் சொல்லவில்லை. சிஓஇ இரண்டு, மூன்று ஆண்டு மட்டும் மீதமுள்ள இதே ரக வண்டியைத் தேடுங்கள். குறிப்பாக 5 ஆண்டுக்குப் புதுப்பித்தது. அதை மறுபடி புதுப்பிக்க முடியாது என்பதால் வாங்க ஆள் குறைவு, பேரம் பேச இடம் உண்டு. முடங்கும் பணமும் குறைவு. முடிவுத் தேதி முன்பே தெரிந்திருப்பதால், கடைசி ஆண்டில் பெரிய செலவு வந்தால் "போதும்" என்று சொல்வதும் எளிது. இரண்டு ஆண்டில் சலித்துப் போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஜோகூரில் பழுது பார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கூலி குறைவுதான். ஆனால் எல்லையைத் தாண்ட முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்க வேண்டும், இந்த வண்டியின் டேங்க் 100 லிட்டருக்கு மேல்.

எதை வாங்கினாலும் தனியாரிடம் வேண்டாம், வியாபாரியிடம் வாங்குங்கள். குறையுள்ள பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும் லெமன் சட்டத்தின் பாதுகாப்பு, வண்டியைப் பெற்ற ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறைக்கு, அங்கேதான் கிடைக்கும். முதல் நாள் மாலை சக்கர வளைவின் உயரத்தை நாலு மூலையிலும் அளந்துவிட்டு, வண்டியைத் தொடாமல் வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் காலை மறுபடி அளந்த பிறகு, நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் சில விநாடி 'கடகட' சத்தம் கேட்டால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். அளவு நாடாவை வீட்டுக்குக் கொண்டுவந்து உங்கள் புளோக் கார் நிறுத்துமிடத்திலும் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். கட்டம் 4.8 மீட்டர் நீளம். ரேஞ்ச் ரோவர் 5 மீட்டர்.