தாத்தாவின் வால்வு ரேடியோ 40 வருடமாகப் பரணில் கிடக்கிறது. சரிசெய்தால் பாடுமா, விற்றுவிடலாமா?

இந்தக் கேள்வியைப் போட்ட கையோடு அதைப் பரணிலிருந்து இறக்கி, துடைத்து, ஹாலில் வைத்திருப்பீர்கள். பிளக்கைச் சொருகிப் பார்க்கக் கை அரிக்கும். சொருகாதீர்கள். ஏற்கனவே சொருகிவிட்டீர்கள் என்றால் துணைக்கு நான் இருக்கிறேன், மேலே படியுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை. கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். இப்போது வீட்டில் வால்வு செட், அதாவது டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழல் ரேடியோ, ஒன்பது இருக்கிறது, ஏழு பாடுகிறது. அவ்வளவுதான் என் தகுதி. இன்ஜினியர்கள் தப்பு கண்டுபிடித்தால் திருத்துங்கள், சண்டைக்கு வராதீர்கள்.

2011-இல் அப்பாவுக்கு முதல் வருடத் திதி. முந்தின நாள்தான் அவருடைய ரேடியோவை இறக்கினேன். பிலிப்ஸ், பேக்கலைட் (அந்தக் காலப் பிளாஸ்டிக்) பெட்டி, ஐந்து வால்வு. பின்பக்க அட்டைக்குள் ரேடியோ லைசென்ஸ் புத்தகம் செருகியிருந்தது. வருடத்துக்குப் பதினைந்து ரூபாய் தபால் ஆபீசில் கட்டி, ஸ்டாம்பு ஒட்டி, முத்திரை வாங்கிய புத்தகம். (ஆமாம், அப்போது பாட்டு கேட்க லைசென்ஸ் வேண்டும். 1980-களில்தான் அதை எடுத்தார்கள்.) ஒரு வருடம்கூட விடாமல் கட்டியிருக்கிறார். அதைப் பார்த்ததும் எனக்கு ஏதோ ஆகிவிட்டது. தேங்காய் எண்ணெய் போட்டுப் பெட்டியைத் தேய்த்தேன், பளபளவென்று வந்தது. குமிழ்களின் பக்கவாட்டில் சின்ன ஓட்டை, அதற்குள் கறுப்பாக ஏதோ இறுகிக் கிடந்தது. அழுக்கு என்று நினைத்து ஊக்கால் நோண்டி எடுத்தேன். உள்ளே இருந்த பொடி ஸ்குரு துருப்பிடித்திருந்தது. அதற்குப் பதில் புதிதாக ஒன்று போட்டேன். கொஞ்சம் நீளம், தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் சாப்பாடு முடிந்து எல்லோரும் பாயில் உட்கார்ந்திருந்தபோது அத்தை கேட்டாள்: "அண்ணன் ரேடியோதானேடா அது? போடேன், கேப்போம்." போட்டேன். டயல் விளக்கு எரிந்தது. அரை நிமிடம் சத்தமே இல்லை. பிறகு 'ங்ங்ங்' என்று ஒரு முனகல். குமிழைத் திருப்பினால் திருச்சி வானொலி, 936 கிலோஹெர்ட்ஸ், ஒரு அம்மா உரம் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உரம் போடுவதற்கு யாரும் அழுது நான் பார்த்ததில்லை.

பத்து விநாடி இருக்கும். முனகல் ஏறியது, குரல் நசுங்கியது, பின்பக்கத்திலிருந்து புகை. மெழுகு உருகிச் சொட்டுச் சொட்டாகப் பாயில் விழுந்தது. அணைக்கலாம் என்று குமிழைப் பிடித்தேன், நீட்டிக்கொண்டிருந்த ஸ்குருவில் விரல் பட்டது. சுள்ளென்று தோள்பட்டை வரை ஏறியது. மச்சான்தான் பிளக்கைப் பிடுங்கினார். அம்மா திட்டவில்லை. "அப்பா இருக்கும்போது ஒரு நாளும் இப்படி ஆனதில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாயைத் துடைக்கத் துணி எடுத்து வந்தாள். இத்தனை வருடம் கழித்தும் அது காதில் இருக்கிறது. நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

விசாரித்து விசாரித்து ஒரு பெரியவரிடம் போய்ச் சேர்ந்தேன். எல்லோருக்கும் அவர் ரேடியோ பாய். கடையை மூடி வருடக்கணக்காகிறது, வீட்டுத் திண்ணையில்தான் வேலை. செட்டைத் திருப்பி, மோந்து பார்த்தார். ஆமாம், மோந்துதான் பார்த்தார். "தம்பி, முப்பது வருஷமா படுத்த படுக்கையா கெடந்தவர எழுப்பி ஓடச் சொல்லிருக்கீங்க. மொதல்ல கஞ்சி குடுக்கணும்ல?" என்றவர் சுவரில் மாட்டியிருந்த சீரிஸ் போர்டைக் காட்டினார். "இதான் கஞ்சி."

சீரிஸ் போர்டு என்பது ஒன்றுமில்லை, கரண்டு நேராக செட்டுக்குப் போகாமல் ஒரு குண்டு பல்பு வழியாகப் போகும். 60 அல்லது 100 வாட். எல்இடி உதவாது, இழை உள்ள பழைய பல்புதான் வேண்டும். செட்டுக்குள் ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், செட் பிழைத்துக்கொள்ளும். நல்ல செட் என்றால் முதலில் பளிச்சென்று எரிந்து அப்புறம் மங்கும். இருபது ரூபாய் பல்பு. அன்று அது இருந்திருந்தால் அத்தையும் நானும் உரத்தைப் பற்றி முழுசாகக் கேட்டிருப்போம்.

நடந்தது என்ன என்று பாய் மீட்டர் வைத்துக் காட்டினார். ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வுக்கு முன்னால் ஒரு கண்டன்சர் உண்டு, காகிதத்தைச் சுருட்டி மெழுகில் முக்கியது. பாட்டு அதன் வழியாகப் போகும், டிசி கரண்டு (ஒரே திசையில் ஓடுவது) போகக் கூடாது. அத்தனை வருடத்தில் காகிதம் ஈரம் குடித்துக் கசிய ஆரம்பித்திருந்தது. கசிந்தால் வால்வு அளவுக்கு மீறிக் கரண்டை இழுக்கும், அந்தச் சூட்டில் அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் மெல்லிய சுற்று கருகிவிடும். எனக்குக் கருகியது அதுதான். 0.01 மைக்ரோபேரட் கண்டன்சர் ஒன்று, இன்று ஒரு டீ விலைகூட இல்லை. அதை மாற்றாததால் டிரான்ஸ்பார்மரைப் புதிதாகச் சுற்ற 450 ரூபாய், மூன்று வாரம், அம்மாவின் அந்த ஒரு வாக்கியம்.

சரி, அந்த ஷாக்? என்னுடையது ஏசி/டிசி செட். கல்கத்தா மாதிரி சில ஊர்களில் அப்போது டிசி கரண்டும் இருந்ததால் இரண்டிலும் ஓடும்படி செய்தார்கள். மெயின் டிரான்ஸ்பார்மர் கிடையாது. ஐந்து வால்வின் இழைகளும் கோயில் சீரியல் லைட் மாதிரி வரிசையாகக் கோத்திருக்கும், ஒவ்வொன்றும் எடுத்துக்கொள்வது 19, 19, 14, 45, 38, ஆக 135 வோல்ட், 230-இல் மிச்சத்தை ஒரு ரெசிஸ்டர் தின்றுவிடும். ஒரு வால்வு இழை போனால் ஐந்தும் அணையும். அதைவிட முக்கியம், பிளக்கின் ஒரு கால் நேராக உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தில் இணைந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சட்டம் முழுக்க 230 வோல்ட். குமிழ் ஸ்குரு வரை. அதனால்தான் கம்பெனியில் அந்த ஓட்டையை மெழுகு வைத்து அடைத்து அனுப்பினார்கள். நான் ஊக்கால் நோண்டி எடுத்த அழுக்கு அதுதான்.

இந்தச் சட்டத்தில் எர்த் வயரைக் கொடுத்துவிடாதீர்கள். மூடி திறந்திருக்கும்போது பாய் ஒரு கையால்தான் வேலை செய்வார். இன்னொரு கை பாக்கெட்டில் இருக்க வேண்டும் என்பது பாடம். லுங்கியில் பாக்கெட் ஏது? முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார்.

உங்கள் செட்டுக்கு வருவோம். மெழுகுக் கண்டன்சர் எல்லாவற்றையும் பாலியெஸ்டராக மாற்றுங்கள், 630 வோல்ட் தாங்குவது. பவர் பகுதியில் இருக்கும் பெரிய எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சரையும் மாற்றுங்கள். என் அனுபவத்தில் பாதி செட் இதிலேயே பாடிவிடும். "அசல் பாகங்களை எடுத்தால் அது பழம்பொருளே இல்லை" என்று கீழே ஒருவர் வருவார். பழைய கண்டன்சரின் குழலைக் கத்தரித்து, உள்ளே புதுக் கண்டன்சரை வைத்து மூடலாம், அவருக்கும் தெரியாது. வால்வைக் கண்டபடி வாங்காதீர்கள். கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளிப் பூச்சு மாதிரி இருப்பது பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, அது போச்சு. வெள்ளி வெள்ளியாகவே இருந்தால் பெரும்பாலும் பிழைத்திருக்கும்.

விற்கிறதா? லட்சக்கணக்கில் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் அந்த ஆளை நம்பாதீர்கள். வால்வுக்குள் சிவப்புப் பாதரசம் இருக்கிறது என்று ஒரு புரளி சுற்றியது, அதை நம்பி நல்ல செட்டுகளை உடைத்துப் போட்டவர்களை எனக்குத் தெரியும். உள்ளே இருப்பது வெற்றிடம். அதுவும் இல்லாமல், உள்ளே இருப்பதைப் பிடுங்கி எறிந்துவிட்டு புளூடூத் ஸ்பீக்கர் வைக்கிறார்களே, அவர்களிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். காபிக்கடை அலமாரிக்கு அழகாக இருக்கும் என்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

பாடினால் மட்டும் போதாது, ஏரியல் வேண்டும். இங்கேதான் எனக்கு இன்னொரு எரிச்சல். நான் இருப்பது அபார்ட்மென்ட், தரைத்தளம். மொட்டை மாடியில் பதினெட்டு டிஷ் இருக்கிறது, எண்ணியிருக்கிறேன். நான் ஒரு செம்புக் கம்பி கட்டினால் கட்டடத்தின் அழகு கெடுகிறதாம், அசோசியேஷனில் தீர்மானமே போட்டார்கள். இதே ஆட்கள் தரைத்தளத்துக்காரனான என்னிடம் லிப்ட் பராமரிப்புக்கு மாதாமாதம் வாங்குகிறார்கள். நான் லிப்டில் ஏறியதே அந்தக் கம்பியை அவிழ்க்கப் போனபோதுதான். சரி, அது வேறு கதை. ஜன்னல் கம்பிக்கு வெளியே ஐந்தாறு மீட்டர் வயர் விட்டாலே மீடியம் வேவ் வரும், வீட்டில் எல்இடி பல்பையும் சார்ஜரையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள். முக்கால்வாசி கரகரப்பு அவற்றினுடையது.

முதலில் பின் அட்டையைக் கழற்றி ஒரு படம் எடுத்துக் கருத்தில் போடுங்கள், எந்த வகை செட் என்று பார்த்துச் சொல்கிறேன். பிளக் தனியாகவே கிடக்கட்டும். குமிழ் ஓட்டையில் கறுப்பாக ஏதாவது தெரிந்தால் நோண்ட வேண்டாம்.