மான் இறைச்சி ஃப்ரீசரில் வெளுத்துப்போகாமல் இருக்க

ஒன்ராறியோவில் பக்கத்து வீட்டு வேட்டைக்காரர் கொடுத்த மான் இறைச்சி, ஜிப் பையில் போட்டு வைத்தும் 3 மாதத்தில் ஓரம் வெளுத்து நார் நாராகக் காய்ந்துவிட்டது என்று கேட்டிருந்தீர்கள். அது கெட்டுப்போனதல்ல, பைக்குள் இருந்த காற்று ஈரத்தை உறிஞ்சிவிட்டது, அவ்வளவுதான். வெளுத்த இடத்தைச் சீவி எறிந்துவிட்டு மீதியைக் குழம்பு வையுங்கள்.

அடுத்த முறை முதலில் வெள்ளைக் கொழுப்பை முழுக்க எடுத்துவிடுங்கள், மான் கொழுப்பு ஃப்ரீசருக்குள்ளேயும் சிக்கு வாடை அடிக்கும். அப்புறம் காகிதத் துண்டால் ஈரத்தை ஒற்றி எடுத்து, ஒரு வேளைச் சமையலுக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, பிளாஸ்டிக் ஃபிலிமை இறைச்சியோடு ஒட்டும்படி விரலால் அழுத்தி அழுத்திச் சுற்றுங்கள். உள்ளே ஒரு குமிழிகூடத் தெரியக் கூடாது. அதன்மேல் ஃப்ரீசர் பேப்பர் (ஒரு பக்கம் பிளாஸ்டிக் பூசிய தடித்த காகிதம்) சுற்றுங்கள், பளபளப்பான பக்கம் உள்ளே. பையிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்து மூடும் வேக்குவம் சீலர் இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் எலும்பு முனைமேல் மடித்த பேப்பரை வையுங்கள். எனக்கு ஒரு விலா எலும்பு ஊசிமுனை அளவு ஓட்டை போட்டதில் அந்தப் பக்கம் முழுக்க வெளுத்துப்போனது.

பொதிகளை முதல் நாளே அடுக்காதீர்கள், பரப்பி வைத்து -18 டிகிரியில் நன்றாக உறைந்த பிறகு அடுக்குங்கள். கொத்திறைச்சியை 3, 4 மாதத்துக்குள் முடித்துவிடுங்கள், பெரிய துண்டுகள் 8 முதல் 12 மாதம் தாங்கும். பொதிமேல் தேதி கட்டாயம் எழுதுங்கள்.