லைசென்ஸ் வந்துவிட்டது, சாவியைக் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 18 வயது. லைசென்ஸ் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. நன்றாகத்தான் ஓட்டுகிறான். வரும் சனிக்கிழமை இரவு நண்பர்கள் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு வெளியூர் போகக் கார் கேட்கிறான். வேண்டாம் என்றால், "என் மேல் நம்பிக்கை இல்லையா அம்மா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். நான் என்ன செய்வது? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அன்புச் சகோதரி, சனிக்கிழமை சாவியைக் கொடுக்காதீர்கள். ஆனால் நாளைக் காலையே அவனை ஓட்டச் சொல்லி, நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள்.

அவன் நன்றாக ஓட்டுகிறான் என்பதை நம்புகிறேன். கிளட்ச், கியர், ஸ்டீயரிங் எல்லாம் சில வாரங்களில் கைக்கும் காலுக்கும் பழகிவிடும். பழக நாளாவது கண்தான். ஓரமாக நிற்கும் காருக்குள் ஆள் தெரிகிறதா, அதன் முன்சக்கரம் சாலைப் பக்கம் திரும்புகிறதா என்று அனுபவமுள்ளவர் தன்னை அறியாமலே பார்த்துவிடுவார். புதிதாக ஓட்டுகிறவரின் பார்வையோ முன்னால் போகும் வண்டியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். தனியாக ஓட்டத் தொடங்கும் முதல் சில மாதங்களில் விபத்துக்கான வாய்ப்பு மிக அதிகம். இருட்டும் நண்பர் கூட்டமும் சேர்ந்தால் அது இன்னும் கூடும். நியூசிலாந்து 1987-லேயே இந்த இரண்டையும் கட்டுப்படுத்தி, உரிமத்தைப் படிப்படியாகத் தரும் முறையைக் கொண்டுவந்தது. பிறகு பல நாடுகளில் அது வந்துவிட்டது. இதை மகனிடம் சொல்லுங்கள். அவன் கேட்பது இரவு, தூரம், கூட்டம் மூன்றையும் ஒரே நாளில். எவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தாலும் மூன்றாவது வாரத்தில் இது அதிகம்.

சரி, பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்வது? என் மகள் ஓட்டப் பழகியபோது நான் ஒரு தவறு செய்தேன். தூரத்தில் ஒரு சைக்கிள் திரும்பியதைப் பார்த்து "பிரேக், பிரேக்!" என்று கத்திவிட்டேன். அவள் பதறிப்போய் முழு பலத்தோடு மிதிக்க, பின்னால் வந்த லாரி எங்களை உரசாத குறையாக நின்றது. வீடு வந்து சேரும்வரை அவள் கை நடுங்கியது. அதற்கு அப்புறம் வழியை மாற்றினோம். அவள் ஓட்டிக்கொண்டே, பார்ப்பதை எல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "பஸ் நிற்கிறது, அதற்கு முன்னாலிருந்து யாராவது குறுக்கே வரலாம், வேகத்தைக் குறைக்கிறேன்." "பந்து உருண்டு வருகிறது, பின்னாலேயே குழந்தை வரும்." அவள் சொல்லாமல் விட்டது எது என்று எனக்குத் தெரிந்துவிடும். வண்டியை நிறுத்திய பிறகு அமைதியாகப் பேசுவோம். உங்கள் மகனோடும் இதைச் செய்து பாருங்கள். முதலில் பகலில், தெரிந்த சாலையில். பிறகு மழையில். அதன் பிறகு இருட்டில், நீங்கள் கூட இருக்கும்போது. கூட்டத்தை ஏற்றுவது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

செல்போனைப் பற்றித் திட்டிப் பயனில்லை. அவனை ஒரு மைதானத்துக்கு அழைத்துப்போங்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகும். ஒரு மெசேஜைப் படிக்க நான்கு நொடி என்றால், கிட்டத்தட்ட 90 மீட்டர். அந்தத் தூரத்தை அவனோடு நடந்து பாருங்கள். அடி வைத்து எண்ணி முடித்ததும், "இவ்வளவு தூரமும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவாயா?" என்று கேளுங்கள். கார் ஓடும்போது போன் பின் சீட்டில் பைக்குள் இருக்கட்டும்.

வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். இதையும் அவன் தெரிந்துகொள்ள வேண்டும். முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று" என்று எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடிப்பதற்குள் நம் கார் கம்பத்தை எட்டிவிட்டால் இடைவெளி போதாது. மழையில் அதை இரண்டு மடங்காக்க வேண்டும். பின் சீட்டிலும் எல்லோரும் பெல்ட் போட்ட பிறகுதான் வண்டியைக் கிளப்ப வேண்டும். மோதும்போது பெல்ட் போடாமல் பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவர் மேலேயே வந்து விழுவார்.

நீங்களும் உங்கள் கணவரும் ஓட்டும்போது அவன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். சிக்னலில் நிற்கும்போது நீங்கள் போனை எடுத்தால், மேலே எழுதியது எதுவும் அவன் காதில் ஏறாது.

சனிக்கிழமை அவன் போகட்டும், பஸ்ஸில் போகட்டும். கூடவே ஒரு வாக்கும் கொடுங்கள்: "வண்டி ஓட்டுகிறவன் குடித்திருந்தாலோ, தூக்கத்தில் இருந்தாலோ அதில் ஏறாதே. எத்தனை மணியானாலும் எனக்குப் போன் பண்ணு. நானோ அப்பாவோ வந்து கூட்டி வருகிறோம். அன்றைக்கு உன்னை ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம்." அவன் கூப்பிட்டால், கேட்காமலே இருங்கள்.