மூன்று வயதில் வருவது வெறும் தண்ணீரா?

கேள்வி: என் மகளுக்கு 3 வயது முடிந்துவிட்டது. மூன்று வேளையும் சாப்பிடுகிறாள். ஆனாலும் இரவிலும், உடம்பு சரியில்லாதபோதும் தாய்ப்பால் கேட்கிறாள். “இனி வருவது வெறும் தண்ணீர்தான்” என்கிறார் மாமியார். இதனால் அவளுக்குப் பயன் உண்டா?

பதில்: அன்புள்ள சகோதரி, தாய்ப்பாலில் ஏறத்தாழ 87 சதவீதம் தண்ணீர்தான், குழந்தை பிறந்த இரண்டாம் மாதத்திலும் அப்படித்தான். கொஞ்சம் பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் ஊற்றி, குளிர்பெட்டியில் சில மணி நேரம் வைத்துவிட்டு உங்கள் மாமியாரிடமே காட்டுங்கள். மேலே கொழுப்பு தனியாகத் திரண்டு நிற்கும். இரண்டாம் ஆண்டுப் பாலை ஆராய்ந்தவர்கள், கிருமிகளை எதிர்க்கும் லாக்டோஃபெரின், லைசோசைம் போன்ற புரதங்கள் அதில் குறையாமல் இருப்பதையும், லைசோசைம் கூடியே இருப்பதையும் கண்டிருக்கிறார்கள். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து, ஊட்டும் கரண்டியைக் குழந்தை தள்ளிவிடும் நாளில், நீரும் சத்தும் உள்ளே போக இது ஒரு வழி. நடைமுறையில் இதையே பெரிய பயனாக நான் கருதுகிறேன்.

2 வயது வரையிலும், விரும்பினால் அதற்குப் பிறகும், மற்ற உணவோடு தாய்ப்பாலைத் தொடரலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆனால் மூன்று வயதைக் கடந்த பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகள் மிகக் குறைவு என்பதால், நீண்ட நாள் குடித்தால் மூளை கூர்மையாகும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பிவிடாதீர்கள். உங்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது: 30 நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2002-இல் வெளியான ஓர் ஆய்வு, பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் அபாயம் சுமார் 4 சதவீதம் குறைவதாகக் காட்டியது.

கவனிக்க வேண்டியவை சோறும் பல்லும். தாய்ப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அவள் பாலால் வயிற்றை நிரப்பிக்கொண்டு சாப்பாட்டை ஒதுக்கினால் சோகை வரக்கூடும். இரவில் பலமுறை குடிக்கும் பிள்ளைகளுக்குப் பற்சொத்தை அதிகம் வருவதால், படுக்குமுன் பல் துலக்கிவிட்டு, நள்ளிரவுப் பாலை முதலில் குறையுங்கள். உங்களுக்கே போதுமென்று தோன்றும்போது, ஒரு வேளையை விட்டபின் சில நாள் பொறுத்து அடுத்ததை விடுங்கள். மார்பு கட்டிக்கொள்ளாது, அவளும் அதிகம் ஏங்கமாட்டாள்.