ரேஷன்: ஒரு சொல்லின் கணக்கு

அன்புள்ள ஐயா,

பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகள், ‘ரேஷனல் நம்பர்’ என்பதில் வரும் ரேஷனும் ரேஷன் கடையில் வரும் ரேஷனும் ஒன்றா என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அலுவலக நண்பர் ஒருவர், ரேஷன் என்றாலே பற்றாக்குறை என்றுதான் பொருள், அது போர்க்காலத்தில் வெள்ளைக்காரன் உண்டாக்கிய சொல், நியாய விலைக் கடை என்ற நல்ல தமிழ்ப் பெயர் இருக்கும்போது அதை ஏன் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம் என்கிறார். வட இந்தியர்கள் ‘ராஷன்’ என்கிறார்களே, அதுதான் சரியான உச்சரிப்பா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகளின் ஐயம் சரியானது. இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவைதான். லத்தீனில் ‘ராட்டியோ’ என்றால் கணக்கு. முதலில் வரவு செலவுக் கணக்கையும், பிறகு கணித்துப் பார்ப்பதையும், அதன் நீட்சியாக எண்ணிப் பார்க்கும் அறிவையும் அச்சொல் குறித்தது. ரோமப் பேரரசரின் நிதிக் கணக்கைப் பார்த்த அதிகாரிக்கு ‘அ ராட்டியோனிபுஸ்’ என்றே பதவிப் பெயர் இருந்தது. கணக்கும் சிந்தனையும் ஒரு சொல்லுக்குள் அடங்குவது நமக்கு வியப்பாக இருக்க வேண்டியதில்லை. காசை எண்ணுவதற்கும் ஒரு காரியத்தைப் பற்றி எண்ணுவதற்கும் நாமும் ஒரே வினையைத்தான் வைத்திருக்கிறோம்.

இந்த ஒரு சொல் ஆங்கிலத்துக்குள் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு வாசல்கள் வழியாக நுழைந்தது. இடைக்காலத்தில் பிரெஞ்சு வழியாக வந்தது ‘ரீசன்’ ஆயிற்று. 17ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர்கள் லத்தீன் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு இரண்டு எண்களுக்கு இடையிலான விகிதத்துக்கு ‘ரேஷியோ’ என்று பெயரிட்டார்கள். அப்படி இரண்டு முழு எண்களின் விகிதமாக எழுதக்கூடிய எண்ணே உங்கள் மகள் கேட்ட ‘ரேஷனல் நம்பர்’, தமிழில் விகிதமுறு எண். நம்முடைய ரேஷன் வந்தது பிரெஞ்சுப் படையிலிருந்து. ஒரு வீரனுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு அளக்கப்பட்ட உணவு என்ற பொருளில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கியது. விலையைக் கேட்கும்போது நாம் சொல்லும் ‘ரேட்’கூட இதே குடும்பம்தான் என்பதையும் மகளிடம் சொல்லுங்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரேஷன் கடைக்கு மிக நெருக்கமான ஏற்பாடு பழைய ரோமிலேயே இருந்தது. கி.மு. 123இல் கையுஸ் கிராக்குஸ் கொண்டுவந்த சட்டத்தின்படி குடிமக்களுக்கு மலிவு விலையில் தானியம் கிடைத்தது, கி.மு. 58இல் குளோடியுஸ் அதை விலையில்லாமல் ஆக்கினார். மாதம் ஆளுக்கு 5 ‘மோடியுஸ்’ (ரோமானியரின் தானிய அளவை) என்று அளவும் இருந்தது. மலிவு விலையில் தொடங்கி இலவசத்தில் முடிந்த அந்தக் கதை நமக்கு எங்கோ கேட்டது போலத்தான் இருக்கிறது. ஆனால் ரோமானியர்கள் அதை ‘ராட்டியோ’ என்று சொல்லவில்லை. தானியத்துக்கான தங்கள் சொல்லிலிருந்தே அதற்குப் பெயர் வைத்தார்கள்.

இனி உங்கள் நண்பர் கூறுவதற்கு வருகிறேன். பற்றாக்குறை என்ற வாடை அச்சொல்லுக்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை, ஆனால் அது பிற்காலத்தில் ஏறியது. படைவீரனுக்கு ரேஷன் என்பது அவனுக்குச் சேர வேண்டிய முழு அளவு. ஆங்கிலத்தில் ‘குறைந்த ரேஷன்’, ‘அரை ரேஷன்’ என்றெல்லாம் தனியே சொல்ல வேண்டியிருந்ததே, ரேஷன் என்ற சொல்லில் மட்டும் குறைவு என்ற பொருள் இல்லை என்பதற்குச் சான்று. அளந்து கொடுத்துக் கட்டுப்படுத்துவது என்ற வினைப்பொருள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகே தெளிவாகத் தெரிகிறது. அதை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தவை இரண்டு உலகப் போர்கள். 1940 ஜனவரி 8 முதல் பிரிட்டனில் ஆளுக்கு வாரம் 4 அவுன்ஸ் வெண்ணெய், 12 அவுன்ஸ் சர்க்கரை என்று அளவு விதிக்கப்பட்டது. போர் முடிந்த பிறகு, 1946இல், போர்க்காலத்தில்கூடக் கட்டுப்படுத்தப்படாத ரொட்டிக்கும் பங்கீடு வந்து இரண்டு ஆண்டுகள் நீடித்தது. எல்லாம் ஓய்ந்தது 1954 ஜூலையில்தான். நம் ஊருக்கும் அச்சொல் அந்தப் போரோடுதான் வந்தது. ஆகவே நண்பர் சொல்வதில் பாதி உண்மை: போர் அந்தச் சொல்லை உண்டாக்கவில்லை, அதைப் பரப்பியது.

‘நியாய விலைக் கடை’ நல்ல தமிழ் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அது ரேஷன் கடை என்பதன் மொழிபெயர்ப்பு அன்று. ஒன்று விலையைச் சொல்கிறது, மற்றொன்று அளவைச் சொல்கிறது. சீனி கிலோ 25 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய் என்று கொடுக்கும்போது நியாய விலை என்ற பெயர் பொருந்துகிறது. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அரிசிக்கு விலையே கிடையாது. விலை இல்லாத பொருளுக்கு நியாய விலை ஏது? விலை போன பிறகும் அட்டைக்கு இத்தனை கிலோ என்ற கணக்கு போகவில்லை. கடைக்காரர் கைரேகை வாங்கி, அட்டையில் எத்தனை உறுப்பினர் என்று கருவியில் பார்த்து, அதற்கேற்பத் தராசில் நிறுத்துப் பையில் கொட்டுகிறார். அங்கே நடப்பது முழுக்க முழுக்க ‘ராட்டியோ’தான். அரசுப் பலகையில் இருக்கும் பெயரைவிட மக்கள் வாயில் இருக்கும் பெயர் வேலையைத் துல்லியமாகச் சொல்கிறது என்பது என் கருத்து.

தமிழ்ப் பெயர்தான் வேண்டுமென்றால் பங்கீடு என்பதையே நான் எடுப்பேன். இலங்கையில் பங்கீட்டு அட்டை என்று எழுதினார்கள். பேச்சிலோ சங்கக்கடை, கூப்பன் அரிசி என்றார்கள். கூப்பன் பிரெஞ்சுச் சொல், வெட்டி எடுக்கும் துண்டு என்று பொருள். அந்த அரிசியின் மானியத்தை வெட்டி, ஒரு கொத்து (அங்கே அரிசி அளக்கும் அளவை) 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியபோது, 1953 ஆகஸ்டில் நாடே கடையடைத்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

‘பங்கு’ இந்தப் பொருளில் நமக்குப் புதியதும் அன்று. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், இராஜராஜன் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் (கோயிலில் ஆடிய பெண்கள்) 400 பேருக்கும் ஆளுக்கொரு பங்கு என்றும், ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்றும், அதை ஆடவல்லான் என்ற மரக்காலால் அளக்க வேண்டும் என்றும் வெட்டி வைத்திருக்கிறார்கள். எந்த மரக்கால் என்பதுவரை எழுதிவைத்தது, அளப்பவர் கையில் அளவு சுருங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இருக்க வேண்டும். முகக்கும் அளவையான ‘படி’யும் இப்படித்தான் அகவிலைப்படி, பயணப்படி என்று சம்பளப் பட்டியலுக்குள் வந்து உட்கார்ந்தது. ஓட்டுநருக்குக் கொடுக்கும் பேட்டாவையும் கன்னடத்தில் நெல்லைக் குறிக்கும் சொல்லோடுதான் அகராதிகள் இணைக்கின்றன.

உச்சரிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆங்கிலத்திலேயே இரண்டும் உண்டு. ‘நேஷன்’ என்பதோடு ஒலி ஒத்துவரும்படி சொல்வது பிரிட்டனில் பொதுமக்கள் வழக்காக இருந்தது; ‘ஃபேஷன்’ என்று நாம் எழுதும் சொல்லின் ஆங்கில ஒலியோடு ஒத்துவரும்படி சொன்னது படைவீரர் வழக்கு. முதல் உலகப் போரில் படைவீரர் வழக்கே பிரிட்டனில் நிலைத்துவிட்டது. வடக்கின் ராஷன் அதற்குக் கொஞ்சம் நெருக்கம், நம் ரேஷன் பழைய ஒலிப்புக்கு நெருக்கம். இரண்டில் எதையும் மாற்றிக்கொள்ளத் தேவையில்லை.