கோஸ்ட் ஆஃப் சுஷிமாவில் எந்த ஸ்டான்ஸுக்கு முதலில் பாயிண்ட் போட வேண்டும்?

மங்கோலியர்களோடு வாள் சண்டை போடும் இந்த சாமுராய் வீடியோ கேமில் ஈட்டிக்காரன் வந்தாலே செத்துப் போகிறேன், திறமைகளை வாங்கும் பாயிண்டையெல்லாம் ஸ்டோன் ஸ்டான்ஸிலேயே (ஸ்டான்ஸ் என்றால் வாள் பிடித்துச் சண்டையிடும் நிலை) போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடாதீர்கள். நான் போட்டேன், அனுபவித்தேன்.

ஆரம்பத்தில் கையில் இருப்பது ஸ்டோன் மட்டும்தான். அது வாள்காரனுக்கு. கேடயக்காரனுக்கு வாட்டர், ஈட்டிக்காரனுக்கு விண்ட், மலை மாதிரி நடந்து வருகிற தடியனுக்கு மூன். எதிரியின் ரத்தக் கோட்டோடு வெள்ளையாக இன்னொரு கோடு தெரியும், பார்த்திருப்பீர்கள். அதுதான் அவனுடைய தாக்குப்பிடிக்கும் சக்தி. பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரில் முக்கோண பட்டனின் கனமான வெட்டு அதைக் கரைக்கும். சரியான ஸ்டான்ஸில் மளமளவென்று கரையும். கரைந்ததும் ஆள் தள்ளாடுவான், அப்போது சதுர பட்டனைத் தட்டினால் கதை முடிந்தது. ஸ்டோனை வைத்துக்கொண்டு ஈட்டிக்காரனோடு மல்லுக்கட்டினால் அந்தக் கோடு குறைவதற்குள் பின்னாலிருந்து வேறொருவன் குத்திவிடுவான். நீங்கள் சாவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

மற்ற ஸ்டான்ஸ்களைப் பாயிண்ட் கொடுத்து வாங்க முடியாது. மங்கோலிய முகாம்களில் இருக்கும் தலைவர்களைக் கொன்றால் திறக்கும். அவசரப்பட்டு உள்ளே பாயாமல், புல்லுக்குள் ஒளிந்திருந்து தலைவனைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டுப் போனால் இன்னும் சீக்கிரம் திறக்கும். ஆகவே கதையை அப்படியே நிறுத்திவிட்டு, முதலில் வழியில் உள்ள முகாம்களை முடியுங்கள்.

சரி, பாயிண்ட் விஷயம். முதல் சில பாயிண்டை எந்த ஸ்டான்ஸுக்கும் போட வேண்டாம், தடுப்புக்குப் போடுங்கள். எதிரியின் ஆயுதம் நீலமாக மின்னினால் தடுப்பதற்கான எல் ஒன் பட்டனை அழுத்திப் பிடித்தாலும் பயனில்லை; அதற்கான திறமையை வாங்கியிருந்தால்தான், அடி விழும் அந்த நொடியில் தட்டித் திருப்ப முடியும். வாளுக்குத் தனி, ஈட்டிக்குத் தனி. இரண்டையும் வாங்கிவிடுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். சிவப்பாக மின்னினால் வீரம் காட்டாமல் வட்ட பட்டனை அழுத்தி விலகிவிடுங்கள். அப்புறம் விண்ட் கிடைத்ததும் அதிலுள்ள உதைக்கும் திறமையை எடுங்கள். முக்கோணத்தை அழுத்திப் பிடித்தால் ஆள் பின்னால் பறப்பான். பாறை விளிம்பில் நிற்கிற ஈட்டிக்காரனை உதைத்துப் பாருங்கள், இத்தனை நாள் கடுப்பெல்லாம் போய்விடும்!

இவ்வளவும் தெரிந்த பிறகும் நான் ஒரு வாரம் அடிவாங்கினேன். ஸ்டான்ஸ் மாற்ற ஆர் டூ பட்டனைப் பிடித்துக்கொண்டு நான்கு பட்டன்களில் ஒன்றை அழுத்த வேண்டும்: எக்ஸ் ஸ்டோன், வட்டம் வாட்டர், முக்கோணம் விண்ட், சதுரம் மூன். நான் விண்டுக்கு மாறியதாக நினைத்துக்கொண்டு ஸ்டோனிலேயே நின்று வெட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பிதான் "அண்ணா, ஈட்டி, ஈட்டி! மாத்துண்ணா" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டினான். அப்புறம்தான் தெரிந்தது, ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் மலிவாக வாங்கிய பழைய கன்ட்ரோலரில் ஆர் டூ மூன்று முறை அழுத்தினால் ஒரு முறைதான் பிடித்தது. "நல்லா செக் பண்ணித்தான் சார் தந்தேன்" என்றார் கடைக்காரர். ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு வாரத் தூக்கம் போயிற்று. நீங்களும் திறமையைக் குறை சொல்வதற்கு முன் கன்ட்ரோலரை ஒரு தடவை பாருங்கள்.

இன்னொன்று, சத்தத்தைக் குறைத்து வைத்து ஆடாதீர்கள். வில்லாளி அம்பு விடுவதற்கு முன் ஒரு கூச்சல் போடுவான். எனக்கு அது வாள் சத்தத்தில் கேட்கவே கேட்காது. அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா, இந்த விளையாட்டை ஒரு நாளும் பார்த்தவர் இல்லை, "டேய், அவன் மறுபடி கத்தறான்டா, அம்பு வருது" என்றார். திரும்பினேன், வந்தது.

நியோ என்ற இன்னொரு சாமுராய் கேமை ஆடிவிட்டு வருபவர்கள் சொல்வதை இதில் கலக்காதீர்கள். அங்கே மேல், நடு, கீழ் என்று மூன்று நிலை. எந்த ஆயுதம் எடுத்தாலும் அதே மூன்றுதான், ஓங்கி அடிக்கவா, தடுக்கவா, விலகவா என்பது உங்கள் இஷ்டம். பிடித்த நிலையில் பாயிண்டைக் கொட்டலாம், தப்பில்லை. சுஷிமாவில் எதிரே வருகிறவன் கையில் இருப்பதுதான் உங்கள் நிலையை முடிவு செய்யும். மூன் கடைசியில் வந்தால் போதும், அதுவரை தடியனைச் சுற்றிச் சுற்றி ஓடி முதுகில் வெட்டுங்கள். நான் அப்படித்தான் ஓட்டினேன்.